ஊதா மலைக்கு இரண்டு அடிவாரம்

வெள்ளேரி குடியிருப்பின் ஏழாம் பிளாக்குக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவில் கிடந்த வெற்று மைதானத்தில், ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பகல் பதினோரு மணிக்கு ஊதா நிறத்தில் ஒரு மலை வந்து நின்றது. அதை முதலில் பார்த்தவள் நாலாவது மாடியில் ஜாக்கெட் தைக்கிற பொக்கிஷம் அக்கா. கொடியில் ஈரப் புடவையை விரித்துக்கொண்டிருந்தவள் மலையை அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒருமுறை பார்த்தாள், உச்சியிலிருந்து அடி வரைக்கும் இன்னொருமுறை பார்த்தாள், "இத்த எவன் கொண்ணாந்து எறக்கினான், இனிமே இந்தாண்ட துணி காயுறதுக்கு சாயங்காலம் ஆவுமே" என்று சொல்லிவிட்டு, புடவையைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக் கொடிக்குப் போனாள்.

பக்கத்து வீட்டு அம்சவேணி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சமையலறைக் கம்பி ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்தாள். அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. மாட்டுக்கு இருக்கிற மாதிரித் திமில், ஆனால் இரண்டு, வலது திமிலில் பிளேடு வழுக்கின வெட்டு, சரிவில் ஒரே பக்கம் சாய்ந்த மூன்று மரம், மூன்றுக்கும் ஒரே இடத்தில் கிளை முறிந்திருந்தது. ஒரே அச்சை மூன்று தடவை குத்தினால் அப்படித்தான் வரும். அவள் புளிக் கையோடு அப்படியே நிற்க, மூன்று வயது தன்ஷிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ம்மா, நம்ம மலை" என்றாள். "சும்மா இரு" என்றாள் அம்சவேணி, யாராவது கேட்டுவிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்ற பயத்தில்.

பேசுவதென்றால் அவளுக்கு அத்தனை பயம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், மகளிர் குழுவில், எங்கே போனாலும் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் நிற்பவர் காதில் சொல்லி, அவரைச் சொல்ல வைப்பாள். "வாயைத் தொறந்தா உள்ள இருக்கிற குருவி பறந்துடும்னு நெனப்பு இவளுக்கு" என்று பொக்கிஷம் அக்கா கேலி செய்வாள், அதற்கும் அம்சவேணி சிரிப்பாளே தவிர பதில் சொல்ல மாட்டாள். அவள் வாய்விட்டுப் பேசுவது உலகத்தில் ஒரே ஒருத்தியிடம், ஒன்பது வயது மூத்த அக்கா ஜெகதாவிடம். அம்மா போன பிறகு அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, சோறு ஊட்டி வளர்த்தவள் ஜெகதாதான். ஆத்தோரத்தில் குடிசைகளை எடுத்தபோது குலுக்கல் போட்டார்கள், பாதிப் பேருக்குத் தெற்கே வெள்ளேரி விழுந்தது, பாதிப் பேருக்கு வடக்கே தும்பைமேடு விழுந்தது, நடுவில் பட்டணம் முழுசும் கிடந்தது. அக்கா வீட்டுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும், காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேரலாம்.

போனில் பேசலாமே என்றால், போனில் அம்சவேணிக்கு "ம்" என்பதற்கு மேல் வராது, அந்தப் பக்கம் ஜெகதா அழுதுவிடுவாள். கடிதம் எழுதலாம் என்றால் ஜெகதாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அம்சவேணி அட்டை செய்து அனுப்பினாள். மகளிர் குழுவில் மூன்று நாள் சொல்லிக்கொடுத்த வேலைதான் அது. பழைய ரப்பர் செருப்பின் அடியைப் பிளேடால் செதுக்கினால் மலை அச்சு, அழி ரப்பரைச் செதுக்கினால் மரம், பேனா மூடியின் வாயைக் குத்தினால் நிலா. முதலில் குத்துவது முன்னால் நிற்கும்; அதே அளவுக்கு ஒரு தாளை வெட்டி அதன்மேல் மூடிவிட்டு அடுத்ததைக் குத்தினால் அது பின்னால் போய்விடும்; மூடின தாளை எடுத்தால் வீட்டுக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் வானம் என்று உலகம் அடுக்கடுக்காக நிற்கும். அந்தத் தாளைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்ட வேண்டும், அதுதான் சூட்சுமம். வெளியே வெட்டிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று நின்று காட்டிக்கொடுக்கும். மைக்கு அவளிடம் இருந்தது ஸ்டாம்ப் பேடு மை ஒரு புட்டிதான், ஊதா. வானம் ஒற்றுவதற்கு, பெயிண்டர் வேலை பார்க்கிற புருஷன் பூபாலன் கொண்டுவந்த பஞ்சுத்துண்டு. அட்டையில் ஓர் எழுத்தும் இருக்காது. ஆனாலும் ஜெகதா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பாரு, தன்ஷிகாவுக்கு சளி விட்டுடுச்சாம்" என்று தன் புருஷனிடம் வாசித்துக் காட்டுவாள், அது சரியாகவும் இருக்கும்.

அந்த ஜெகதாவுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருந்தது. கார்த்திகை மாதம் நாள் குறித்திருந்தார்கள். "நீ பொறக்கும்போது அம்மா கைய நான்தான் பிடிச்சிருந்தேன். எனக்குப் பிடிக்க நீ வந்துடு. வேற எதுவும் வேணாம்" என்று ஜெகதா சொல்லியிருந்தாள். அம்சவேணி "ம்" என்றாள். ஆனால் வலி என்ன, மூன்றாவது பஸ் வரும் வரைக்கும் பொறுத்திருக்குமா? தன்ஷிகா பிறந்த அன்றைக்கு ஜெகதா விடியற்காலையே கிளம்பி, இரண்டாவது பஸ்ஸில் நிற்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது. ஆளில்லாத கையை அம்சவேணி கட்டில் கம்பிக்குக் கொடுத்திருந்தாள். அது மறுபடி நடக்கக் கூடாது. அந்த நினைப்போடு ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அட்டையின் இடது ஓரத்தில் தன் எட்டு மாடி பிளாக்கைக் குத்தினாள், வலது ஓரத்தில் அக்காவின் ஐந்து மாடி பிளாக்கைக் குத்தினாள், இரண்டையும் தாள் வெட்டி மூடினாள், நடுவில் பட்டணத்துக்கு இடம் விடாமல் இரண்டையும் தொடுகிற மாதிரி ஒரு மலையை அழுத்திக் குத்தினாள், அழுத்தும்போது குதிகால் நரம்பு வரைக்கும் அழுத்தம் போனது. தபாலில் போட்டாள். நாலாம் நாள் அது போய்ச் சேர்ந்தது. ஜெகதா பிரித்து டிவி மேல் நிற்க வைத்தாள், மலை வந்துவிட்டது.

அம்சவேணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனபோது மைதானத்தில் பிளாக்குக்கும் மலைக்கும் நடுவில் எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். அங்கே நிலம் இல்லை. பள்ளமும் இல்லை. கால் எட்டி வைத்தால் ஒன்றரை எட்டு அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கீற்று, உள்ளே ஒன்றுமே இல்லை. வெட்டும்போது தன்ஷிகா முழங்கையை இழுத்தது அம்சவேணிக்கு ஞாபகம் வந்தது. மூடின தாள் கொஞ்சம் பெரிசாகப் போய்விட்டிருக்கிறது. அதற்குள் மூன்றாம் பிளாக்குக் கறுப்புப் பூனை அதில் இறங்கி அந்தப் பக்கம் வெள்ளைப் பூனையாக ஏறி, ஒன்றும் நடக்காத மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு போனது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் மோசஸ் அண்ணன், "அட, நானும் பாக்குறேன்" என்று காலை வைத்தார், மீசைக்குப் போட்டிருந்த மை முழுதும் போய் ஐம்பத்தெட்டு வயசோடு வெளியே வந்தார். "இதுக்கு ஒரு கதவு போட்டா தீந்துது" என்று பூபாலன் யாரோ கழற்றிப் போட்டிருந்த கக்கூஸ் கதவைக் கொண்டுவந்து குறுக்கே போட்டான். அதன்மேல் நடந்து எல்லாரும் மலை ஏறினார்கள்.

ஏற அரை மணி, இறங்க அரை மணி. உச்சியில் நின்றால் இந்தப் பக்கம் வெள்ளேரி, அந்தப் பக்கம் தும்பைமேடு. பட்டணத்தைக் காணவில்லை, யாரும் தேடவும் இல்லை. அந்தப் பக்க அடிவாரத்தில் ஜெகதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தாள். "வந்துட்டியா, அட்டைய நிக்க வெச்சேன், பின்னாடி ஜன்னல் இருட்டிக்கிச்சு. சரி, தங்கச்சி வருதுன்னு டீ போட்டேன்" என்றாள். அம்சவேணி டீயைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள், கூட வந்திருந்த பொக்கிஷம் அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "அடிப்பாவி, இத்தன பேச்ச எங்கடி வெச்சிருந்த?"

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் சொல்லி முடியாது. நாலு வருஷமாகப் பார்க்காதவர்கள் ஒரே நாளில் பார்த்துக்கொண்டார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள், மறுநாளே பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். குழாயடியில் யார் யார் குடத்தை நகர்த்தினார்கள் என்று ஆத்தோரத்தில் பாதியில் நின்ற வழக்கு மலை உச்சியில் வைத்துத் தீர்த்துவைக்கப்பட்டது. வெள்ளேரியில் நல்ல தண்ணீர் வந்தது, தும்பைமேட்டில் நல்ல மீன் வந்தது, குடம் அந்தப் பக்கமும் கூடை இந்தப் பக்கமும் ஏறி இறங்கின. கேரம் போர்டுக்கு நாலாவது ஆள் கிடைத்தான். பெண் கேட்டு முடியாமல் போன இரண்டு வீடுகள் மறுபடி தட்டு மாற்றின, பையன் வீட்டார் மேளத்தோடு மலையேறி வந்தபோது நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியதால் கெட்டிமேளம் உச்சியிலேயே நடந்து, தாலி பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் பின்னால் ஏறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு அந்தப் பக்கம் போனார்கள், ஆடு வெட்டிப் படைக்க இந்தப் பக்கம் வந்தார்கள். எல்லாருடைய உள்ளங்காலும் ஊதாவாகிவிட்டது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. வெளியே வேலைக்குப் போன இடங்களில் செருப்பைக் கழற்றினால், "ஓ, நீங்க மலைக்காரங்களா" என்று கேட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள்தான் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவர்களும் அடிவாரத்தில் ஒரு ஸ்டாண்டு போட்டுக்கொண்டார்கள்.

குடியிருப்பு அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் ஒருவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தார். "இங்க மலை கெடையாதே" என்றார்.

"ஏறிப் பாத்துட்டு சொல்லு சார்" என்றாள் பொக்கிஷம் அக்கா.

"அனுமதி இல்லாம எப்டிம்மா மலைய வெச்சிருக்கீங்க?"

"நாங்க வெக்கல சார், அதுவா நிக்குது. நீங்க வேணா போகச் சொல்லிப் பாருங்க."

அவர் வரைபடத்தைச் சுருட்டினார். அகற்றச் சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டினார், அது மறுநாள் முழுக்க ஊதாவாகி எழுத்துத் தெரியாமல் போனது. அதற்கடுத்த வாரம் அவரே பேன்ட்டை மடித்துவிட்டு மலையில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் மாமியார் வீடு தும்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருந்ததாம்.

மலையை யார் செய்தது என்று ஜெகதாதான் ஒரு நாள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், பெருமை தாங்காமல். அவ்வளவுதான், அம்சவேணி வீட்டு வாசலில் கூட்டம். எங்களுக்கு ஒரு ஏரி குத்திக் கொடு, ரயில் ஸ்டேஷன் குத்திக் கொடு, எங்க ஊர் தென்னந்தோப்பைக் குத்திக் கொடு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் கதவுக்குப் பின்னால் நின்று, பூபாலன் காதில், "வராதுன்னு சொல்லு" என்றாள். பூபாலன் சொன்னான். அது உண்மைதான், அவள் ரகசியமாகச் செய்து பார்த்திருந்தாள். குத்தின ஏரி அட்டையிலேயே இருந்தது, குத்தின மலையும் அட்டையிலேயே இருந்தது. ஒரு மலைதான் வந்தது, அதற்கு என்ன காரணம் என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை, வந்ததை வைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி முதல் தூறல் ஒரு மத்தியானம் பத்து நிமிஷம்தான் பெய்தது. அன்றைக்கு வெள்ளேரிச் சாக்கடையில் ஊதாத் தண்ணீர் ஓடியது. தும்பைமேட்டிலும் ஓடியது. மறுநாள் பார்த்தால் வலது திமிலின் வெட்டு அகலமாகியிருந்தது, மூன்று மரத்தில் ஒன்று கலங்கிப் பூசணிக்கொடி மாதிரிப் படுத்திருந்தது, ஏறுகிற பாதை வழுக்கியது. டிவி மேல் நனையாமல் நின்றிருந்த அட்டையிலும் மை அதேபோல இழுகியிருந்ததாக ஜெகதா சொன்னாள். அம்சவேணி நாள் எண்ணிப் பார்த்தாள். ஸ்டாம்ப் பேடு மை தண்ணீர் பட்டால் நிற்காது. கார்த்திகை அடைமழைக்கு இந்த மலை மூன்று நாள் தாங்காது. ஜெகதாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஜெகதா ஒரு காரியம் செய்தாள். தங்கச்சி மூடுகிறாளே, நாமும் மூடிப் பார்ப்போம் என்று அட்டை மேல் மலையை மறைத்து ஒரு தாளை வைத்தாள். உடனே இரண்டு பக்கமும் மலையைக் காணவில்லை. அப்போது மலையில் இருந்த பதினோரு பேரும், ஒரு ஆடும், பால் குண்டானுக்குள் நிற்கிற மாதிரி ஒன்றுமில்லாத வெள்ளையில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் கேட்டது. ஜெகதா பயந்து தாளை எடுத்துவிட்டாள். "ஜில்லுனு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எறங்குறதுக்கு எடமில்ல" என்றார் அதில் ஒருவர்.

அன்று சாயங்காலம் பூபாலன் கைகால் கழுவிக்கொண்டே, "ஜன்னல் கண்ணாடில பெயிண்ட் தெறிக்கக் கூடாதுன்னா நாங்க கண்ணாடியத் தூக்கிட்டா போறோம்? இருக்கிற எடத்துலயே பேப்பர் ஒட்டுறோம்" என்றான், சும்மா பேச்சுக்குத்தான். அம்சவேணி கரண்டியைக் கீழே வைத்தாள். அட்டையை மூடக் கூடாது. மலையையே மூட வேண்டும். அத்தனை பெரிய தாளுக்கு எங்கே போவது? பொக்கிஷம் அக்கா வீட்டுக்குப் போய்க் காதில் சொன்னாள். பொக்கிஷம் அக்கா பால்கனிக்கு வந்து, "யோவ் மோசஸு" என்று கீழே பார்த்துச் சொன்னாள், "நம்ம பக்கமும் அந்தப் பக்கமும் எத்தன ப்ளெக்ஸ் பேனர் கீது?"

ப்ளெக்ஸ் இல்லாத வீடு எது? பூப்பு நீராட்டுக்கு அடித்தது, காதுகுத்துக்கு அடித்தது, கல்யாணத்துக்கு அடித்தது, கண்ணீர் அஞ்சலிக்கு அடித்தது, தலைவர்களுக்கு அடித்தது, எல்லாம் சுருட்டிப் பரண்மேல் கிடந்தன, மழை ஒழுகும் ஜன்னலில் தொங்கின, தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்தன. மறுநாள் காலையில் இரண்டு அடிவாரத்திலும் அவை வந்து குவிந்தன. மோதிரமும் தொப்பியும் போட்ட குழந்தைகள், கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளைகள், செத்துப்போன பெரியவர்கள், எல்லாரும் தரையில் படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கயிறு கட்டினார்கள், பெண்கள் ஊசியும் நைலான் நூலுமாக உட்கார்ந்தார்கள். வெட்டுகிற பொறுப்பை பொக்கிஷம் அக்கா எடுத்துக்கொண்டாள், முப்பது வருஷம் கத்திரி பிடித்த கை அவளுடையது. "அடிவாரக் கோட்டுக்கு ரெண்டு சாண் வெளியே விட்டு வெட்டுங்கடி, மடிச்சு அடிக்கணுமில்ல" என்றாள். ஜாக்கெட்டுக்கு அப்படித்தான், தையலுக்கு விடாமல் யாராவது வெட்டுவார்களா? எல்லாரும் அப்படியே வெட்டினார்கள், முதல் ப்ளெக்ஸை இழுத்து மலையின் அடியில் போர்த்தினார்கள்.

போர்த்தின இடத்தில் ஒன்றரை எட்டு வெள்ளைக் கீற்று ஐந்து எட்டாக விரிந்தது. குறுக்கே கிடந்த கதவு எட்டாமல் உள்ளே விழுந்து, பச்சைப் பெயிண்டு போய் வெறும் வெள்ளையாக மிதந்தது. ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த மோசஸ் அண்ணனின் சிவப்பு சைக்கிள் சோகை பிடித்த மாதிரி வெளுத்துவிட்டது. கூட்டம் பின்வாங்கியது. "இன்னும் அகலமா விட்டு வெட்டுங்க, அப்பத்தான் மூடும்" என்றார் மோசஸ் அண்ணன். "ஆமா, நாலு சாண் விடுங்க" என்று பொக்கிஷம் அக்கா கத்திரியைத் தூக்கினாள்.

அம்சவேணி பக்கத்தில் நின்ற பெண்ணின் காதைத் தேடினாள், அவள் நூல் கோர்க்கப் போயிருந்தாள். பூபாலனைத் தேடினாள், அவன் மலை நடுவில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தான். எல்லாருடைய காதும் எட்டாத தூரத்தில் இருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, இன்னும் நாலு சாண் வெளியே வெட்டினால் அக்காவுக்கும் தனக்கும் நடுவில் தாண்ட முடியாத வெள்ளைதான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரிந்தது, அவளைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அவள் தன்ஷிகாவைக் கீழே இறக்கிவிட்டாள், ஒரு ஸ்டூல் மேல் ஏறினாள்.

"உள்ள வெட்டுங்க" என்றாள். யாரும் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "உள்ள வெட்டுங்க. கோட்டுக்கு உள்ள. தையலுக்கு விடாதீங்க. அக்கா, பொக்கிஷம் அக்கா, கத்திரிய கீழ வை, இது ஜாக்கெட்டு இல்ல. வெளிய வெட்டினா வெள்ளை விழும், ஒரு மயிரிழை உள்ள வெட்டினா ஒட்டிக்கும்."

அந்தக் குரல் அவர்கள் யாரும் கேட்டிராத குரல், நல்ல கணீரென்று இருந்தது, மலையில் பட்டுத் திரும்பி வந்தது, அந்தப் பக்கத்து அடிவாரத்தில் இருந்தவர்களும் கேட்டு, தையலுக்கு விட்டதை எல்லாம் நறுக்கத் தொடங்கினார்கள். பொக்கிஷம் அக்கா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்க மேஸ்திரி" என்றாள். ஓரத்தை நறுக்கி உள்ளே இழுத்ததும் வெள்ளைக் கீற்று சுருங்கியது, நூலாகியது, கடைசியில் காணாமலே போனது. மேஸ்திரி ஸ்டூலை விட்டு இறங்காமல் மத்தியானம் வரைக்கும் கத்தினாள். இங்க தூக்கு, அங்க எறக்கு, அந்தக் காதுகுத்தை வலப்பக்கம் திருப்பு, கண்ணீர் அஞ்சலிய உச்சில போடாதீங்க, பாக்க நல்லால்ல. நடக்கிற பாதைக்கு மேலே ஆள் நிமிர்ந்து போகிற உயரத்துக்குக் கழி ஊன்றினார்கள். மூன்று நாளில் மலை முழுக்க முகமாகிவிட்டது.

நாலாம் நாள் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. பட்டணத்தில் பஸ் ஓடவில்லை, சாலையில் படகு விட்டார்கள் என்று டிவியில் காட்டினார்கள். மலை மேல் தண்ணீர் மாப்பிள்ளைகளின் கன்னத்தில் வழிந்து, பாட்டன்களின் நெற்றியில் வழிந்து, சாக்கடையில் தெளிந்த தண்ணீராக விழுந்தது. ஐந்தாம் நாள் பகல் ஒரு மணிக்கு, குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னால், ஜெகதாவுக்கு வலி எடுத்தது. தும்பைமேட்டில் பிரசவம் பார்க்க இடமில்லை, வெள்ளேரி சுகாதார நிலையத்தில்தான் நர்ஸம்மா இருந்தார். ஜெகதா புருஷன் ஏகாம்பரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு மலை ஏறத் தொடங்கினாள். சேதி மலை மேல் வாய் வாயாக ஓடி இந்தப் பக்கம் இறங்கி வந்தது. அம்சவேணி சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள், நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார், "மலை ஏறிப் பிரசவம் பாக்க எனக்கு ட்ரெயினிங் குடுக்கலியே" என்று திட்டிக்கொண்டே.

அக்காவும் தங்கையும் உச்சியில் சந்தித்தார்கள். அதற்கு மேல் ஜெகதாவால் ஓர் அடி வைக்க முடியவில்லை. அங்கே பாதைக்கு மேலே கட்டியிருந்தது யாருடையதோ பூப்பு நீராட்டு ப்ளெக்ஸ், அதில் ஒரு பெண் பட்டுப்பாவாடையில் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே பாய் விரித்தார்கள், சுற்றிலும் புடவை பிடித்தார்கள். இரண்டு அடிவாரத்திலிருந்தும் சுடுதண்ணீர்க் குண்டான்கள் கை மாறி, கை மாறி மேலே வந்தன, எந்தப் பக்கத்துத் தண்ணீர் அதிகச் சூடு என்று வழியிலேயே ஒரு வாக்குவாதமும் நடந்தது. ஜெகதா கையை நீட்டினாள், அம்சவேணி பிடித்துக்கொண்டாள்.

"பேசுடி" என்றாள் ஜெகதா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏதாச்சும் பேசு."

அம்சவேணி பேசினாள். ஆத்தோரத்து வீட்டில் மழை ஒழுகினதைப் பேசினாள், அக்கா தன் தலையில் பேன் பார்த்ததைப் பேசினாள், மோசஸ் அண்ணன் மீசை வெளுத்ததைப் பேசினாள், ஜெகதா வலியோடு சிரித்தாள், சிரிப்பும் வலியும் ஒன்றாக வந்தபோது மூன்று மணி சுமாருக்குக் குழந்தை வந்தது. பெண். நர்ஸம்மா தூக்கிக் காட்டியபோது அதன் உள்ளங்கால் இரண்டும் ஊதாவாக இருந்தது. "இது இன்னும் நடக்கவே இல்ல, அதுக்குள்ள பாரு" என்றாள் பொக்கிஷம் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டு.

மழை விட்டு, வெயில் வந்து, ப்ளெக்ஸை எல்லாம் பிரித்துப் பார்த்தபோது மலை அப்படியே நின்றது, நிறம் மட்டும் ஒரு பிடி குறைந்து, தையல் விட்ட இடங்களில் கட்டம் கட்டமாக வெளுத்திருந்தது. அடுத்த மழைக்கு எங்கே எப்படிப் போர்த்துவது என்று இரண்டு சங்கத்தாரும் அப்போதே பட்டியல் போட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் பிறப்பைப் பதிவு செய்ய வெள்ளேரி அலுவலகத்துக்குப் போனார்கள். பதிவு செய்ய ஜெகதாவும் ஏகாம்பரமும் போதும். ஆனால் மோசஸ் அண்ணன் வந்தார், தும்பைமேட்டுச் சங்கத்தார் வந்தார்கள், குண்டான் தூக்கினவர்கள் எல்லாரும் வந்தார்கள், வரிசை வாசலைத் தாண்டிப் போனது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "பிறந்த இடம்?" என்றார்.

"வெள்ளேரி" என்றார் மோசஸ் அண்ணன்.

"தும்பைமேடுங்க, தாய் அங்கத்து ஆளு" என்றார்கள் பின்னாலிருந்து.

"தண்ணி எங்களுது."

"பாயி எங்களுது."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா" என்றார் அவர், "அம்மா, நீங்கதான் கூட இருந்தவங்களா? நீங்க சொல்லுங்க."

எல்லாரும் அம்சவேணியைப் பார்த்தார்கள். யார் காதையும் அவள் தேடவில்லை. "மலைல பொறந்துச்சு சார். உச்சில" என்றாள்.

"எந்த மலைம்மா? பேரில்லாத எடத்த இது எடுத்துக்காது."

பேர்! மூன்று மாதமாக ஏறி இறங்குகிறார்களே தவிர, அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குழந்தை ஜெகதா மடியில் கொட்டாவி விட்டது. அம்சவேணி அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா மலைனு போடுங்க சார்."

அவர் தட்டினார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டது. வரிசையில் நின்ற பெண்களில் தம்பியோ தங்கச்சியோ இல்லாதவள் ஒருத்தியும் இல்லை, அதனால் ஒவ்வொருத்தியும் அது தன் பேரில்தான் எழுதப்பட்டது என்று நினைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து நின்றாள்.